பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அழுகை

ராத்தா,

இன்று காலை உங்கள் கைலி வார் அறுந்துவிட்டது. கார்த்தியை நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பைச் சுற்றி இழுத்துக் கட்டும்போது, நீங்கள் இரட்டைத் தையல் போட்ட இடத்திலேயே பிரிந்து கையோடு வந்துவிட்டது. அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். பிடித்து நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையில் அந்தத் துணியோடு அப்படியே நின்றேன். உங்கள் வீட்டுக்காரர் பாய் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து, உடுத்தாமல் பெட்டியில் வைத்துவிட்டுப் போன கைலி அது. புதுசைக் கிழிக்கிறீர்களே என்று நான் பதறியபோது, "கட்டுறவரு அங்கன இருக்காரு, கைலி இங்கன கெடந்து என்ன செய்யப் போகுது" என்று சொல்லிக்கொண்டே கத்தரியை ஓட்டினீர்கள். ஒரு வார் உங்கள் மகள் சபீனாவுக்கு, ஒரு வார் என் மகனுக்கு.

வேறு நாளாக இருந்தால் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்று கை ஓடவில்லை. நேற்றுதான் உங்கள் மகளைப் பதிவேட்டில் பதிந்தார்கள். யாரிடமாவது கத்தித் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பதிந்தாயிற்று அல்லவா, விடு என்று சொல்லிவிட்டு மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் இது அவருக்குப் புரிகிற விஷயம் இல்லை. உங்களுக்குத்தான் புரியும், நீங்களோ இல்லை.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் எல்லாரையும் நாடு முழுக்க ஒரே பதிவேட்டில் சேர்க்கிறார்கள், ராத்தா. பிரசவத்தில் என்ன நடந்தது, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், என்ன சிகிச்சை கிடைத்தது, கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை, எல்லாம் ஒரே இடத்தில். நம் பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் ராமநாதபுரத்து மையத்துக்கே ஆள் அனுப்பியிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், கையில் டேப்லெட். தன்மையான பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். இதனால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தகப்பன் கேட்டதற்கு, உடனே ஒன்றும் கிடைக்காது, இனிமேல் பிறக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஆகாமல் தடுக்க உதவும் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

எனக்குச் சட்டென்று உங்கள் குரல்தான் கேட்டது. அதே மையத்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எத்தனை தடவை இதைச் சொல்லியிருக்கிறீர்கள். "ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு சீட்டுல எழுதுறாரு. எல்லாச் சீட்டையும் ஒருத்தராச்சும் ஒண்ணா வச்சுப் பாத்தா, ஏன் இப்புடி ஆகுதுன்னு தெரிஞ்சிருமே புள்ள." அப்போது அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மீன் விற்கிற ஊரிலிருந்து ஒரு பொம்பளை வந்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறாள் என்று ஒருவர் கேலியும் செய்தார். இப்போது அரசாங்கமோ யாரோ, அதையேதான் செய்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு.

நான் உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து வருவேன், நீங்கள் தேவிபட்டினத்திலிருந்து. பயிற்சிக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மெத்தை. முதல் நாள் கார்த்தியின் காலை மடக்கியபோது அவன் போட்ட கூச்சலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். சபீனாவும் தன் பங்குக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, ரொம்ப நாள் பழகியவர் போல, "கலங்காத புள்ள. இதுக ரெண்டும் பொறந்தப்ப அழுவாத பாக்கிய இப்பத் தீக்குதுக" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

உங்கள் நாக்கு அப்படி. நான் உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும் நாட்களில், பஸ்ஸில் சபீனாவை இரண்டு மடியில் நீட்டிப் படுக்கவைத்துக்கொண்டு வருவோம். உங்கள் ஊர்க் கடலில், நவபாஷாணக் கோயிலில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறுகிற சனங்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகி நிற்பார்கள். ஒருநாள் கண்டக்டர், பெரிய பிள்ளையாக இருக்கிறது, தனி டிக்கெட் எடு என்றார். "நிக்கச் சொல்லுங்க. நின்னுட்டா இப்பவே எடுத்துர்றேன்" என்றீர்கள். அந்த மனுஷன் அதன் பிறகு அந்த வழியில் நம்மிடம் டிக்கெட் பேச்சே எடுத்ததில்லை. நீங்கள் ஏர்வாடி தர்காவுக்குப் போனீர்கள், நான் எங்கள் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். "ரெண்டு பேரும் போயி வந்தாச்சு, ரெண்டு எடத்துலயும் கடைசியில டாக்டர்ட்டதான் போகச் சொல்றாங்க" என்று இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் குழைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறி ஊட்டினீர்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். பிறந்தவுடனே அழுததா? நீங்கள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வீர்கள். தண்ணீர்க் குடம் உடைந்து வெகுநேரம் கிடந்தது, டாக்டர் வர நேரமாகிவிட்டது, பிள்ளை நீலம் பாய்ந்து வந்தது, தட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், அழவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சொல்லிச் சொல்லி அது உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்கும். ஒருவரும் அதை உருப்படியாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த டாக்டர் மறுபடியும் அதையே கேட்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டோ எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது.

போன் விஷயத்தை நீங்கள் டாக்டர்களிடம் சொன்னதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள், வராந்தாவில், சபீனா தூங்கிக்கொண்டிருந்தபோது.

தாயில்லாத பெண் என்பதால் பிரசவத்துக்கு உங்கள் நாத்தனார்தான் கூட இருந்தார். பாய் வெளிநாட்டில், போனைக் காதில் வைத்தபடி காத்திருக்கிறார். பிள்ளை பிறந்துவிட்டது என்று சொன்னதும், அழுகைச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாப்பா கேட்கிற முதல் அழுகை போனில்தானே. அந்த நேரம் சபீனா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். தூரத்தில் தனியாக இருக்கிற மனுஷன், இதைச் சொன்னால் என்ன ஆவாரோ என்று நாத்தனார் பயந்துவிட்டார். போனைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் வாயருகே பிடித்தார். அது நன்றாகக் கத்தியது. பாய் அந்தப் பக்கம் தேம்பினார். போனைப் பிள்ளையின் காதில் வை, பிறந்ததும் காதில் ஓத வேண்டிய பாங்கை நானே சொல்கிறேன் என்றார். நாத்தனார் விழித்தார். பக்கத்துக் கட்டில் பெண் யாரோ கிராமத்துப் பெண், நெற்றியில் விபூதி. ஒரு வார்த்தை கேட்காமல் தன் பிள்ளையின் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாளாம். பாய் கடல் கடந்து முழுப் பாங்கையும் அந்தப் பிள்ளையின் காதில் சொல்லி முடித்தார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, அதனால் சில நாள் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு அவரிடம் சொல்லிவைத்தார்கள்.

நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சந்தோசப்பட்டுட்டாரு புள்ள. குடுத்த சந்தோசத்த எப்புடித் திருப்பிக் கேக்குறது" என்றீர்கள்.

அந்தச் சந்தோஷம்தான் உங்கள் கழுத்தில் விழுந்தது. சபீனாவுக்குச் சில மாதம் ஆனபோது மண்டபத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள், அங்கே ஒரு காய்ச்சல் வந்தது, போயிற்று. பிள்ளை தலை நிற்கவில்லை, உட்காரவில்லை என்று தெரிந்தபோது உங்கள் வீட்டில் கணக்கு நேராகிவிட்டது. நல்லபடி அழுதுகொண்டு பிறந்த பிள்ளை, தாய் கவனிக்காத காய்ச்சலில் இப்படி ஆயிற்று. பாய் லீவில் வந்தபோது நடந்ததை அப்படியே சொல்லிப் பார்த்தீர்கள். "எங் காதால கேட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போனைப் பிடித்த நாத்தனார் அடுப்படியில் இருந்தார். கூப்பிட்டீர்கள். பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வரவே இல்லை. தன் அண்ணனான பாயின் நிழலில் இருக்கிற பெண், பொய் சொன்னதாக ஆகிவிட்டால் அந்த நிழலும் போய்விடும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பால் பொங்கியதற்கு நீங்கள் சாகும்வரை விலை கொடுத்தீர்கள். கல்யாண வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் போனால், கவனக்குறைவான தாய் என்று யாராவது ஒருவர் உங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

வயிற்று வலி என்றீர்கள். மாத்திரை போட்டீர்கள். மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சபீனாவை யார் பார்ப்பது என்று தள்ளிப் போட்டீர்கள். நாத்தனாருக்கு இடுப்பு வலி, பிள்ளையைத் தூக்க முடியாது. கடைசியில் உங்களை மதுரைக்குக் கொண்டுபோனபோது, டாக்டர் செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் போன பிறகுதான் பாய் ஊரோடு வந்து சேர்ந்தார், மளிகைக் கடை வைத்தார். தூக்க முடியாத நாத்தனாரின் இடுப்பு இப்போது காலையும் மாலையும் சபீனாவைத் தூக்குகிறது. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். நகம் வெட்டி, தலை பின்னி, வாயைத் துடைத்துத் துடைத்துப் புண்ணாகாமல் எண்ணெய் தடவி. அவரை நிம்மதியாக வெறுக்கக்கூட விடாமல் பார்த்துக்கொள்கிறார்.

நேற்று பாய், நாத்தனார், சபீனா மூன்று பேரும் வந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கார்த்தியைப் பதிந்து முடித்துவிட்டு நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

முதலில் படங்களைக் காட்டினாள் அந்தப் பெண். ஓடுகிற பிள்ளை, கம்பியைப் பிடித்துப் படி ஏறுகிற பிள்ளை, ஊன்றி நடக்கிற பிள்ளை, சக்கர நாற்காலியைத் தானே ஓட்டுகிற பிள்ளை, தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பிள்ளை. உங்கள் மகள் எந்தப் படம் என்றாள். பாய் நாற்காலியைத் தானே ஓட்டுகிற படத்தில் விரலை வைத்தார். நாத்தனார் கையை நீட்டிக் கடைசிப் படத்தைத் தொட்டார். அந்தப் பெண் கடைசிப் படத்தையே எடுத்துக்கொண்டாள். தாய் என்று கேட்டாள். மௌத்தாகிவிட்டாள் என்றார் பாய். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி. பிறந்தவுடனே குழந்தை அழுததா? ஆம், இல்லை, தெரியாது.

"ஆமா. நல்லா அழுதா. எங் காதால கேட்டேன்" என்றார் பாய். பெருமையாகச் சொன்னார், ராத்தா. அந்த ஒன்றைத்தான் தகப்பனாகத் தானே நேரில் அறிந்த விஷயமாக அவர் இத்தனை காலம் வைத்திருக்கிறார்.

அவள் விரல் திரையில் படும் முன்னே, இல்லை, அழவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். நீங்கள் யார் என்று கேட்டாள். இந்தப் பிள்ளையுடைய அம்மாவின் கூட்டாளி என்றேன். அவள் தயங்கி, பெற்றவர்களோ வளர்க்கிறவர்களோ சொல்வதைத்தான் எழுத முடியும் என்றாள். நியாயம்தான். கூட்டாளிகளுக்கு எந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறது? பாய் என்னைப் பார்த்து, "நீங்க அங்கன இருந்தீங்களாம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லை. நீங்கள் நூறு தடவை சொல்லிக் கேட்டதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை.

நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன். "நீங்க இருந்தீங்கள்ல, நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் சபீனாவின் வாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். பக்கத்து அறையில் ஏதோ ஒரு பிள்ளை பயிற்சி தாங்காமல் அழுதுகொண்டிருந்தது.

"தெரியாதுன்னு போட்ருங்க" என்றார்.

பாய் திரும்பித் தன் தங்கையைப் பார்த்தார். அழுதது என்று பாயிடம் சொன்ன ஒரே ஆள் நாத்தனார்தான், போனைப் பிடித்தவரும் அவர்தான். அவருக்கே தெரியாது என்றால் பாய் கேட்டது என்ன? அது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததை நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக் காலர் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். சார், எதைப் போடட்டும் என்று அந்தப் பெண் இரண்டாம் தடவை கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். அவள் தெரியாது என்பதை அழுத்தினாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

தெரியாதாம், ராத்தா. நீங்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம், இந்தியாவுக்கே தெரியப்போகிற இடத்தில், தெரியாது என்று ஏறிவிட்டது. எல்லாச் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் போகிறவர்கள் சபீனாவின் சீட்டில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராத பெண்ணுக்கு அந்தத் தெரியாது எவ்வளவு பெரிய தூரம் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனம் ஆறவில்லை. இதில் கால்வாசியை நீங்கள் உயிரோடு இருக்கும்போது அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவர் சொல்லியிருந்தால் என்ன?

வாசலில் ஆட்டோ நின்றது. நாத்தனார் மருந்துச் சீட்டு வாங்க உள்ளே போனார். பாய் என் அருகில் வந்து நின்றார். அப்புறம், "அப்ப நாஞ் சொன்ன பாங்கு யாரு காதுலம்மா விழுந்துச்சு?" என்றார். "ராத்தா உயிரோட இருக்கும்போதே உங்ககிட்ட சொன்னாங்களே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "எம் புள்ளைக்கு யாருமே சொல்லலையா?" என்றார்.

எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்குள் ஆண்கள் யாரையும் விடவில்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்களே போய், கையை விடுகிற அந்த வட்ட ஓட்டையில் வாயை வைத்து, நர்ஸ் பார்க்காத நேரத்தில் பாங்கை மெல்லச் சொன்னீர்கள். "பொம்பள சொல்லலாமான்னு யாருட்டயும் கேக்கல. யாரும் சொல்லாமப் போயிட்டா என்ன செய்யன்னு சொல்லிட்டேன். ஏத்துக்கிறவனுக்குத் தெரியும்." அதைச் சொல்லும்போது மட்டும்தான் உங்கள் முகத்தில் கேலி இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் கல்லும் சொல்லியிருக்கும். நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதை நம்பாதவருக்கு, நீங்கள் செய்ததை மட்டும் நான் ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

"தெரியாது பாய்" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். "ஏன் புள்ள இப்புடி இருக்க" என்று கேட்டிருப்பீர்கள். இப்படித்தான் இருக்கிறேன். ஒருநாள் சொல்வேனாக இருக்கும். அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த மாதிரி.

ஆனால் ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். நாத்தனார் வந்து சபீனாவை ஆட்டோவில் ஏற்றி, உங்கள் கைலி வாரால் கட்டி உட்காரவைத்தார். அவளுடைய வார் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. தலையைச் சரி செய்கிற சாக்கில் நான் குனிந்து, அவள் வலது காதில், உனக்குப் பாங்கு சொன்னது உன் உம்மா என்றேன். சபீனா என் பக்கம் கண்ணைத் திருப்பி, உங்களைப் பார்த்தால் எழுப்புவாளே, அந்தச் சத்தத்தை எழுப்பினாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது, ராத்தா. நேற்றிலிருந்து சொல்லப்பட்ட தெரியாதுகளில் இது ஒன்றுதான் பொய் இல்லை.